மாடு தேடுறவனுக்கு முன்கூலி

எங்க வூட்டுக்காரரு புளி வித்த காசையெல்லாம் போன்ல கிரிப்டோன்னு ஒண்ணுல போட்டாரு. ஆப்புல பாத்தா அது மூணு மடங்கா வளந்து நின்னுச்சு. எடுக்கப் போனா ஆப்பும் இல்ல, ஆளும் இல்ல. திருப்பத்தூர் போய் சைபர் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தோம். நான் அழல. அழுகையே வரல. அடுப்பு பத்தவெச்சேன், களி கிண்டினேன், யாரு வூட்டு வேலையோ மாதிரி.

அப்புறம்தான் அந்தப் பாழாப்போன போன் வந்துச்சு. "சார், உங்க பணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம். மீட்டுக் குடுக்கறதுதான் எங்க வேலை. கட்டணத்தை மட்டும் முன்னாடியே கட்டிடுங்க."

வேற ஊர்க்காரங்களுக்கு அங்கியே சந்தேகம் வந்திருக்கும். எங்களுக்கு வரல. புதூர்நாட்டுப் பக்கம் மாடு காட்டுல தொலஞ்சா, தேடிப் போறவனுக்கு முன்கூலி குடுத்துத்தான் அனுப்புவோம். வெறுங்கையோட ஒருத்தன காட்டுக்கு அனுப்பினா எங்களுக்குத்தான் அசிங்கம். அதனால கட்டிட்டோம். அடுத்து வரின்னான், அதையும் கட்டினோம். மறுபடியும் கேட்டப்ப கையில ஒண்ணுமில்ல. எங்கம்மா வூட்டுல எனக்குன்னு குடுத்த புளியமரங்கள ஒடுகத்தூர் வியாபாரிக்குப் பல வருஷக் குத்தகைக்கு வுட்டுடலாம்னாரு. அந்த மரங்கள நம்பித்தான் எங்க பொண்ணு நர்சிங் படிக்கறா.

"இன்னாமே, சொல்லு"ன்னாரு. தலையாட்டினேன். எனக்கு ஒண்ணுமே தோணல.

வியாபாரியப் பாக்கறதுக்கு ஜீப்புக்கு நின்னுட்டிருந்தோம். மறுபடியும் அவன் போன். இவரு ஸ்பீக்கர்ல போட்டாரு. நாங்க ஏமாந்த தொகைய ரூபா பிசகாம சொன்னான். கடைசியா எந்தக் கெழம போட்டோம்னுகூட சொன்னான். மாடு தேடறவன் முதல்ல அடையாளம் கேப்பான். கொம்பு எப்படி, நிறம் இன்னா, காதுல வெட்டு இருக்குதான்னு. இவன் ஒரு தடவகூட எதையும் கேக்கலயே!

"ஏங்க, அடையாளம் கேக்காமயே இவ்ளோ சொல்றான்னா, மாட்ட ஓட்டிட்டுப் போனவனே இவன்தாங்க"ன்னேன்.

அவரு என்னைப் பாக்கல. "தெரியும்மே. மீட்டுத் தர்றேன்னு காசு கேக்கறவன நம்பாதீங்கன்னு போலீஸ்லயே சொன்னாங்க. ஆனா பணம் இன்னும் இருக்குதுன்னு சொல்றது இவன் ஒருத்தன்தான்."

அட கடவுளே! அத்தன நாள் வராத அழுகை அப்பத்தான் வந்துச்சு. போனை அவரு கையிலேர்ந்து வாங்கினேன். "சார், சார்"னு அவன் கூப்பிட்டுட்டே இருந்தான். கட் பண்ணி, நம்பர பிளாக் பண்ணேன். ஜீப் வந்துச்சு. நாங்க ஏறல.

பணம் என்னிக்குப் போச்சுன்னு யாராவது கேட்டா, இன்னமும் அவரு நான் போனை கட் பண்ண நாளத்தான் சொல்றாரு.