மாதா விளக்கும் மகளின் கம்ப்யூட்டரும்

எங்கள் மகள் ஜெசி படிப்பதற்காக, பழைய டி.வி. பெட்டி போலத் திரை உள்ள கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினோம். படிப்பு நன்றாக வரட்டும் என்று, பின்னால் மின்விளக்கு சுழலும் மாதா படத்தை நான்தான் அதன் பக்கத்தில் வைத்தேன். அன்று முதலே திரை நடுங்கியது. அவளுக்கு ஓயாத தலைவலி.

"பிள்ளை கண்ணு போயிரும். ஈஸ்டர் முடியட்டும், குடுத்தவுககிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்" என்றார் என் கணவர். ஜெசி அழுதேவிட்டாள்.

இயேசு உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று நாங்கள் அந்த விளக்கைப் போடுவதில்லை. கோயிலிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த ஜெசி, "அம்மா, இங்குட்டு வாம்மா! ஆடவே இல்ல!" என்று கத்தினாள்.

"அதுவும் இன்னைக்கு நம்மள மாதிரி ஒருசந்தி விரதம் போல" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சட்டென்று விளக்கின் மேல் சந்தேகம் வந்தது. ஆனாலும் துக்க நாளில் அதைத் தொட மனம் வரவில்லை. ஈஸ்டர் காலையில் ஜெபம் சொல்லிவிட்டுப் போட்டேன். திரை நடுங்கியது. நிறுத்தினேன், நின்றது. விளக்கைச் சுழற்றும் மோட்டாரின் காந்தம்தான் காரணம்!

"எங்க வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா" என்று அவர் தெருவெல்லாம் சொன்னார். எட்டாவது படித்த எனக்கு இந்தப் புத்தியைத் தந்தது தேவதாய்தான். இப்போது படம் எதிர்ச்சுவரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் மின்சாமான் எதையும் நான் வைப்பதில்லை.