அரிசியில் சாய்ந்த துப்பாக்கி

போன வருஷம் மழை விட்ட சமயம். ரங்கூனில், தாமுவேயில் இருக்கிறோம். என் மருமகள் பர்மாக்காரி; துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவள். படுத்துக்கொண்டு சுடுவாள். துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு இரும்புக் கால் உண்டு. எனக்கும் இரண்டு கால்தான், அப்படி அசையாமல் நிற்குமா? பின்கட்டைக்கு அடியில் ஒரு சின்னப் பை வேண்டும். அதை அமுக்கித்தான் குறியை ஏற்றி இறக்குவார்கள்.

பழைய பை கிழிந்துவிட்டது. "அத்தே, சான் பேக் ஒண்ணு தெச்சுத் தாங்க. ஞாயித்துக்கெழம செலக்‌ஷன்" என்றாள். முதல் மூன்று பேருக்குத்தான் வெளியூர்ப் போட்டி. நாலு வருஷமாக அதற்குத்தான் விடியக்காலையில் பஸ் ஏறுகிறாள்.

சான் என்றால் பர்மிய மொழியில் அரிசி. முதுகு வலியோடு மிஷினை மிதித்துத் தைத்து, நாலு பால்டப்பா நல்ல அரிசியைத் திணித்து, வாயை மூடிக் கொடுத்தேன்.

"லேசா இருக்கே, அத்தே?"

"நீ மட்டும் என்ன கனமா இருக்கே? எடுத்துட்டுப் போடி."

வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஐந்தாவது குண்டுக்குப் பையை அமுக்கினாள். தையல் பிரிந்து அரிசி கொட்டியது. பின்கட்டை இறங்க, குண்டு குறி அட்டைக்கு மேலே எங்கோ போயிற்று.

நடுவர் அரிசியைப் பொறுக்கிப் பார்த்தார். "சுட வந்தியா, சோறாக்க வந்தியா? யாரு தெச்சது?" என்று பர்மிய மொழியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான்தான், அவசரத்துல தெச்சேன்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்தில் சுட்ட பெண் தன்னிடமிருந்த இன்னொரு பையைக் கொடுத்தாள். அதில் மணல். இங்கிலீஷில் மணலுக்கு 'சாண்ட்' என்பார்களாம். இவள் நாக்கு அதன் வாலை, அந்த 'ட்'டை, விழுங்கிவிட்டது. நாலாவதாக வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் பேச்சை எடுத்தேன். "சான்னு சொன்னியேடி?"

"அரிசின்னா அரிசின்னே கேட்டிருப்பேனே, அத்தே. சோத்துக்குத் தெனமும் அப்படித்தானே கேக்கறேன்?"

எட்டு வருஷமாக அவள் தமிழைக் கேலி பண்ணிச் சிரித்தவள் நான். அவளை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. இப்போதெல்லாம் அவள் எது சொன்னாலும், செவிடி என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று, இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.