சளிப்பூஞ்சை போட்ட சுற்றுவழி

ஆராய்ச்சி என்று எதையாவது கண்ணாடித் தட்டில் வளர்த்து அவதிப்பட்ட அன்பர்களே, ஓசூர்க் கல்லூரி ஒன்றில் நான் வளர்த்தது சளிப்பூஞ்சை. மஞ்சளாக, நரம்பு நரம்பாகப் படரும். நரம்புக்குள் சாறு ஒரு பக்கம் ஓடி, சற்று நின்று, திரும்பி ஓடும். நரம்புகள் பின்னியிருக்கும் விதத்தைப் பொறுத்து அந்தத் துடிப்பு எப்படி ஒத்துப்போகிறது என்பதுதான் என் ஆய்வு. எண்பதுகளின் கடைசி. நான் தற்காலிக விரிவுரையாளர். அந்தக் கல்வியாண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

யாருக்கு உடம்பு?

சளிப்பூஞ்சைக்குத் தீனி ஓட்ஸ். அப்போது ஓசூரில் அது லேசில் கிடைக்காது. மருந்துக்கடை பாய் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தருவார். ஒருநாள் டப்பாவை நீட்டியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் சார், வீட்ல பெரியவருக்கு இன்னும் கஞ்சிதானா? சோறு எறங்கவே மாட்டேங்குதா?"

ஸ்டெல்லாவின் கேள்வி

என் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். இரண்டு துண்டுகளை இணைக்கும் பாதையை மாற்றினால் அவை சேர்ந்தும் துடிக்கும், மாறி மாறியும் துடிக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகப் பார்த்தாள்.

"போன சாறு ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துடுது. நீங்க காலையில போனா எப்பங்க வர்றீங்க?"

செக்போஸ்ட்

கடைசிச் சோதனை. பிளாஸ்டிக் தகட்டில் மூன்று குழிகள், அவற்றை வளையமாக இணைக்கும் மெல்லிய பாதைகள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்க வேண்டும். துடித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளே பெங்களூரிலிருந்து என் வழிகாட்டிப் பேராசிரியரை வரவழைத்தேன். அவர் குனிந்து பார்த்தபோது மூன்றும் ஒரே சமயத்தில் துடித்துக்கொண்டிருந்தன! தகட்டைத் திருப்பினால், அடிப்பக்கமாக ஊர்ந்துபோய் மூன்று குழிகளையும் தடித்த நரம்பால் இணைத்திருந்தது சனியன். தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஆய்வக உதவியாளர் பஷீர் எட்டிப் பார்த்தார்.

"விடுங்க சார். பார்டர் செக்போஸ்ட்ல நின்னா லேட்டாவும்னு லாரிக்காரங்க தேன்கனிக்கோட்டை சுத்திப் போறதில்லையா?"

பாராட்டு

பேராசிரியர் கன்னடக்காரர், நல்ல மனிதர். அவருக்கோ ஒரே உற்சாகம். நாம் போட்ட வலையைத் தள்ளிவிட்டு, தானே ஒன்று பின்னித் துடிப்பை மாற்றிக்கொண்டதே, இதுவல்லவோ கண்டுபிடிப்பு என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதையே எழுதிக் கொடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"பேஷா எழுதலாம் ரீ! ஆனா ஒரு தடவை நடந்தது சாலாது, போதாது, மொதல்லேர்ந்து ஆரம்பிச்சு இன்னும் ஒரு வருஷம் பண்ணுங்க."

கல்வியாண்டு முடிந்தபோது என் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது, வேலைதான் இல்லை.