ஐம்பது துர்க்மேன்கள்

பிஷ்கேக்கில் டிராலிபஸ் ஓட்டும் புருல்சாவுக்குப் பயணிகள் யார் திட்டினாலும் உறைக்காது. ஆனால் அவளுடைய கான் பட்டினி கிடந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கான் என்பது தாடி ஓணான். கண்ணாடித் தொட்டிக்குள், விளக்கு வெயிலில், வரி வசூலுக்கு வந்தவன் தோரணையில் உட்கார்ந்திருக்கும்.

அந்த வாரம் மாடிப்படியெங்கும் கரப்பான் மருந்து அடித்தார்கள். மூடிய அறையில் இருந்ததால் கான் தப்பித்தது. அதன் தீனிக்காகச் சமையலறை டப்பாவில் வளர்த்த பூச்சிகள் எல்லாம் மல்லாந்துவிட்டன. தூக்கிக் கொட்டினாள். கான் வெறும் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

ஓணான் வளர்ப்பவர்கள் தீனிக்குப் போடும் சிவப்புக் கரப்பானுக்கு அந்த ஊரில் 'துர்க்மேன்' என்று பெயர். புருல்சா பூச்சி விற்கிற ல்யூபாவுக்கு ஃபோன் போட்டாள்.

"துர்க்மேன் ஐம்பது வேணும்க்கா, இன்னிக்கே. பெருசுங்க வேணாம், எல்லாம் எளசா, துறுதுறுன்னு இருக்கணும்."

பக்கத்து அறையில் டீ குடித்தபடி இதைக் கேட்டார் நாரினிலிருந்து வந்திருந்த அவள் புருஷனின் அண்ணன் தோக்தோசுன். அவருக்குத் தெரிந்த துர்க்மேன், பட்டாளத்தில் தன் முலாம்பழத்தில் பாதியை வெட்டிக் கொடுத்த, துர்க்மேன் இனத்து நண்பன். அப்படிப்பட்ட ஐம்பது பேர் வீடு தேடி வருகிறார்களா! யாரிடமும் சொல்லாமல் சந்தைக்கு ஓடினார். சற்று நேரத்தில் லிஃப்டில் ஓர் ஆடு ஏறியது. ஆட்டுக்கே இடம் சரியாக இருந்ததால் அவர் படியேறினார்.

படியில் ஒரு கரப்பான் தள்ளாடிக்கொண்டிருந்தது. விருந்து நடக்கும் வீட்டில் ஓர் உயிர் பசித்திருக்கலாமா? பிடித்துக்கொண்டு வந்து கானின் வாயருகே நீட்டினார். புருல்சா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத்தான், அது மருந்து தின்ன கரப்பான். என் கானைக் கொன்னுடாதீங்க."

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. தோக்தோசுன் கையைக் கழுவி, விருந்தாளிகளை வரவேற்கத் தட்டில் ரொட்டியை ஏந்தி வாசலுக்கு ஓடினார். ஒரு செருப்புப் பெட்டியோடு ல்யூபா மட்டும் நின்றிருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்தவங்க எங்க?"

"எல்லாரும் இதுக்குள்ளதான்."

மூடியைத் திறந்தார். பார்த்தார். மூடினார்.

"ஒரு நல்ல ஜனத்தோட பேரை இதுக்கா வெச்சீங்க?"

கான் கண்ணாடியைப் பிறாண்டியது. ஆனாலும் புருல்சா அவசரப்படவில்லை. முதலில் பெட்டிக்குள் கேரட்டைத் துருவிப் போட்டாள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் கானின் உடம்பில் ஒட்டும். விருந்தாளிகளுக்கு முதலில் சாப்பாடு என்றதும் தோக்தோசுனின் முகம் தெளிந்தது. அவை தின்று முடித்ததும், கானின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடச் சிறியவையாகப் பொறுக்கி, கால்சியம் பவுடரில் குலுக்கினாள்.

"சோறும் போட்டு, பவுடரும் பூசி… எலெக்ஷனுக்கு முந்தி எங்க ஊர்த் தலைவரும் எங்களை இப்படித்தான் கவனிச்சாரு," என்றார் அவர்.

நாக்கு பாய்ந்தது. ஒன்று. இன்னொன்று. கான் கண்ணை மூடி மென்றது. புருல்சாவுக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மிச்சக் கேரட்டையெல்லாம் அவர் பால்கனியில் கட்டியிருந்த ஆட்டுக்கு வைத்தாள். அது ரசித்துத் தின்றது.

உள்ளே தோக்தோசுன் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.