கை வைத்தால் தெரியணும்

அந்தோணியம்மாளுக்குக் கண் தெரியாது என்றதும் எவனாவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் என்ன பாவம்? அவள் பேச்சைத் தள்ளினவர்கள்தான் பாவம்.

சாந்தோம் குப்பத்தில் என் மரவேலைக் கொட்டகைக்கு அடுத்த குடிசை அவளுடையது. சின்ன வயதில் அம்மை வந்து பார்வை போனவள். மீன் விற்றாள், வலை பின்னினாள், ஒருத்தனிடமும் கையேந்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அடித்த புயலில் அவள் புருஷன் லூர்துசாமி போன கட்டுமரம் திரும்பவில்லை. சில நாள் கழித்து அடையாறு முகத்துவாரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியது. அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

லூர்துசாமியின் தம்பி தேசப்பன் ஊதிப்போன முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் இல்லீங்க" என்றான். அண்ணன் எங்கேயாவது கரையேறியிருப்பான் என்ற நப்பாசை அவனுக்கு.

அந்தோணியம்மாள் உட்கார்ந்து பிணத்தின் கையைத் தடவினாள். இடது சுண்டுவிரலில் அவள் கை நின்றது. கட்டுமரம் தள்ளும்போது ஒடிந்து கோணலாகக் கூடின விரல்.

"இவருதான். குடுங்க, கோயில் கல்லறையில வெக்கணும்."

"கண்ணு தெரியாதவ சாட்சி எப்படிம்மா செல்லும்? பார்த்தவனே இல்லேங்கிறான்" என்றார் போலீஸ் அதிகாரி.

"மூஞ்சி ஊதும். எலும்பு ஊதுமா? அய்யா, நீங்க கண்ண மூடிக்கினு உங்க பொஞ்சாதி கையப் புடிங்க. ஆருன்னு தெரியலன்னா அப்பால என்னக் கேளுங்க."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். அதிகாரி கடுகடுத்துப்போய், பெயர் தெரியாதவன் என்று எழுதி, அநாதைப் பிணங்களோடு புதைக்க அனுப்பிவிட்டார்.

வெள்ளைக்காரன் 'புரிந்தது' என்பதற்கே 'ஐ ஸீ', அதாவது 'பார்க்கிறேன்' என்றுதான் சொல்வானாம். அவன் போட்ட சட்டத்துக்குக் கை ஏது, காது ஏது?

அவள் விடவில்லை. புதைத்த இடத்துக்குக் கூடவே நடந்து வந்தாள். நான் சிலுவை செய்து, பெயர் எழுதி நட்டேன். பெயர் தெரியாத பிணத்துக்குப் பெயர் போடக்கூடாதென்று இடுகாட்டுக் காவல்காரன் பிடுங்கி எறிந்தான். மறுபடி நட்டோம். மறுபடி பிடுங்கினான். அவள் அந்தக் குழிமேலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப என்னையும் புடுங்கு, பாக்கலாம்" என்றாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

இந்த வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"கோயில் கல்லறை எனக்கு வோணாம். அவரு பக்கத்துலயே வெச்சிடு. அந்தச் சிலுவையில பேரு கீதுன்னு நீதான் சொல்ற நைனா, என் கைக்கு ஒண்ணும் ஆப்டல."

"மையில எழுதினது, அந்தோணியம்மா."

"அது கண்ணு கீறவனுக்கு. உளிய எடு. எங்க ரெண்டு பேரு பேரையும் சிலுவையில ஆழமா வெட்டு. என்ன மாதிரி ஒருத்தி வந்து கைய வெச்சாலும் தெரியணும்."