மஃப்ளர் கட்டிய மூட்டை

ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு நெல் மூட்டையைக் கட்டிலில் சாய்த்து, போர்வை போர்த்தி, "சௌகரியமா இருக்கா மாமா?" என்று கேட்டவன் நான். யாரும் இல்லை என்று நினைத்துக் கேட்டது. பின்னால் மச்சான், என் மனைவியின் தம்பி, நின்றிருந்தான்.

மூட்டை என் மாமனாருக்குப் பதிலி. இடுப்பு எலும்பு முறிந்து கூடியதிலிருந்து அவரால் நிமிர்ந்து உட்கார முடியாது. சாய்ந்தே இருக்க வேண்டும், அடிக்கடி படுக்க வேண்டும். கண்ணை மூடுவதற்குள் குலதெய்வத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கோயில் திண்டிவனத்துக்கும் அப்பால். ஆம்புலன்ஸில் போகலாமே என்றதற்கு, "அதுல போனா திரும்பி வருவேன்னு சாமியே நம்பாது" என்றுவிட்டார்.

ஆகவே நான் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கஷ்டம் வந்தாலும் நான் முதலில் செய்வது அதுதான். படித்து முடிப்பதற்குள் கஷ்டம் பழகிவிடும். மேல்நாடுகளில் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த இரண்டு சக்கரச் சிறு பெட்டி வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களாம். சேதராப்பட்டுப் பக்கம் டீக்கடைப் பெட்டி செய்யும் பட்டறையில் படத்தைக் காட்டினேன். அவர்களுக்குப் பழக்கமான இரும்பில், பழக்கமான கனத்தில் செய்து கொடுத்தார்கள். பாகூரில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே இரண்டு பேர் டீ கேட்டார்கள்.

இழுக்க என்னிடம் இருந்தது ஒரு சின்னக் கார்.

"இழுக்குமா மாமா?" என்றான் மச்சான்.

இழுத்துக் காட்டினேன். இழுத்தது. இழுக்கிற வண்டிக்கு நிறுத்தவும் பலம் வேண்டும் என்று நான் படித்ததிலேயே இருந்தது. பெட்டியின் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும், வாலில் பாரம் கூடவே கூடாது, ஓடும் பெட்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. அதெல்லாம் வேகமாகப் போகும் வெள்ளைக்காரர்களுக்கு என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

கட்டில் முதலில் முன்பக்கம்தான் இருந்தது, தலைமாடு கார்ப்பக்கமாக. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"கோயில் எந்தப் பக்கம்?"

"வடக்கே."

"அப்போ அப்பா தலை எங்க இருக்கும்? இன்னாங்க இது! உசுரோட இருக்கற மனுசன வடக்கே தல வெச்சா கூட்டினு போவீங்க?"

"ரோடு நேரா போவாது. வளைஞ்சு வளைஞ்சு..."

"ரோடு எப்டினா போவட்டும். கோயில் வடக்கதானே இருக்குது?"

பூகோளத்தில் தோற்றேன். கட்டிலைத் திருப்பி, தலைமாட்டைப் பெட்டியின் கடைக்கோடிக்குத் தள்ளினோம். தண்ணீர் டிரம்மும் அவர் கைக்கு எட்டும்படி அங்கேயே போயிற்று. எங்கள் பக்கத்தில் யாருமே வடக்கே தலை வைத்துப் படுப்பதில்லை. அதனால் பார்த்த எவருக்கும் இதில் தவறு தெரியவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள், மார்கழிக் காலையில் ஒத்திகை. மூட்டையைத் தலைமாட்டுச் சாய்மானத்தில் சாய்த்து, இடுப்பு வரவேண்டிய இடத்தில் பழைய புடவையால் இறுக்கிக் கட்டினோம். மாமனாரின் மஃப்ளரை மச்சான் மூட்டையின் வாய்க்கட்டில் சுற்றினான். "பனி பாரு மாமா. சளி புடிச்சிக்கும்."

ஏரிக்கரைச் சாலையில் பனி அசையாமல் நின்றது. ஒரு பக்கம் தண்ணீர் இருக்கிறது என்பதை நம்பிக்கையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு கொஞ்ச தூரம் கூட வந்தது. பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றுபோயிற்று.

முதலில், காரின் பின்பக்கத்தை யாரோ லேசாகத் தூக்கிப் பார்ப்பது போலிருந்தது. அடுத்து பெட்டி மெல்ல இடப்பக்கம் போனது. திரும்பி வலப்பக்கம். உள்ளே ஒருவர் எழுந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் கார் உடம்பை நெளித்தது. நடை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"உள்ள யார்னா இருக்காங்களா?" என்றான் மச்சான். சிரிக்காமல் கேட்டான்.

"மூட்டை."

"மூட்டை நடக்காது மாமா."

பிரேக்கை மிதித்தேன். கார் கேட்டது, பெட்டி கேட்கவில்லை. முதுகில் கை வைத்து எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பெட்டியின் முன் ஜன்னலில் திரை ஒதுங்கியிருந்தது. உள்ளே, சாய்ந்திருந்த உருவம் நிதானமாக எழுந்தது. போர்வை சரிந்தது. கழுத்தில் மஃப்ளருடன் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்களைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி, வடக்கே பார்த்தது.

கார் நின்றபோது முன்சக்கரம் கரையோரப் புல்லில் இருந்தது. அதற்கப்பால் பனி, பனிக்குக் கீழே தண்ணீர் கரையைத் தொடும் சத்தம். பெட்டிக்குள் யாரோ தட்டினார்கள். தட்டித் தட்டி ஓய்ந்தார்கள். டிரம்மில் அலையும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டல் முழுக்க ஓய்ந்த பிறகுதான் இறங்கினேன்.

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுக் கொக்கியைக் கழற்றினேன். பெட்டியைக் காரோடு பிணைக்கும் இரும்புத் தண்டு, கீழே விழ வேண்டியது, என் கையை விலக்கிக்கொண்டு தானாக மேலே எழுந்தது, பாம்பு தலை தூக்குவதுபோல். பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. கனமெல்லாம் வாலில், கொக்கிமேல் ஒன்றுமே அழுந்தவில்லை. பிரேக் போட்ட வேகத்தில், சாய்ந்திருந்த மூட்டை நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஆனால் மறுநாள் அந்த மஃப்ளருக்குள் மாமனார் இருந்திருப்பார்.

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தான். "இதுலயா எங்கப்பாவ ஏத்த இருந்த?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு கரும்பு வண்டி நிறுக்கும் எடை மேடையில் இரண்டையும் தனித்தனியே ஏற்றிப் பார்த்தோம். பெட்டி காரைவிடக் கனம். பயணத்தைத் தள்ளிப்போட்டு, அந்தக் கனத்தை இழுக்கவும் நிறுத்தவும் தெம்புள்ள பெரிய ஜீப் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். கட்டில் முன்னால் வந்தது. டிரம் காலியாக வந்தது. தண்டு கொக்கிமேல் நன்றாக அழுந்தியது. மாமனாருக்கு ஜீப்பின் முன்சீட்டை முழுக்கச் சாய்த்தோம். தலை தானாகவே தெற்கே அமைந்ததில் மனைவிக்கும் திருப்தி. படுக்க வேண்டுமென்றால் எங்காவது நிறுத்தி, பெட்டியைத் தெற்கு பார்க்கத் திருப்பிவிட்டுப் படுக்கவைப்பது என்று ஏற்பாடு.

பெட்டி சாதுவாகப் பின்னால் வந்தது. ஆனாலும் நான் கண்ணாடியை விடவில்லை. திரையை ஊசிபோட்டுத் தைத்திருந்தேன். அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று நாலு பேர் பார்த்துச் சொன்ன பிறகும்.

சாமி பார்த்துத் திரும்பும் வழியில் மாமனார் கேட்டார்: "இன்னா மாப்ள, போவும்போதும் பின்னாடியே பாத்தீங்க, வரும்போதும் பின்னாடியே பாக்கறீங்க?"

சொன்னேன். ஏரிக்கரை, பனி, நடை, தட்டல் எல்லாம். அவர் சீட்டில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

"அதுவே எழுந்து நேரா ஒக்காந்துச்சா?"

"ஆமா மாமா."

சாய்ந்தே கிடந்த அவருக்கு எதிரே தெரிந்தது ஜீப்பின் கூரை மட்டும்தான்.

"குடுத்து வெச்ச மூட்டை," என்றார்.