சொன்னதை மட்டும் எழுதுங்கள்

துறைத் தலைவர் நல்ல மனிதர். கணக்கியல் படிக்க இடம் கேட்டு வந்த அவளுக்கு அதுதான் பெரிய தொல்லை. முரட்டு ஆளாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு விஷயம் முடிந்திருக்கும். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், அதன் பிறகு முடியாது என்றார்.

“கணக்கியலுக்குக் கண் வேணும்மா. படிப்பை விடு, அப்புறம் வேலைன்னு ஒண்ணு இருக்கு இல்ல? ஆடிட் ஆபீஸுக்குப் போனா நாள் முழுக்க ரசீதைப் புரட்டணும். பேங்க்குக்குப் போனா கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கணும். வரி ஆபீஸ்ல ஒவ்வொரு ஃபைலும் உன் உயரம் இருக்கும். வரலாறு எடுத்துக்கோ. மார்க் நல்லா இருக்கு, டீச்சராகலாம்.”

“வரலாறு பிடிக்காது சார்.”

“ஏன்?”

“செத்தவங்க போட்ட சண்டை. யாரு ஜெயிச்சாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அவள் தொடையில் கிள்ளினாள். பிறவியிலேயே பார்வை இல்லாத அவளை, தாய் போன பிறகு தூக்கி வளர்த்த அப்பாவின் தங்கைதான் இந்த அத்தை. தையல்காரி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும். கிள்ளினால் நன்றாகவே உறைக்கும்.

“சார், இவ வாய் இப்படித்தான். ஆனா ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டா,” என்றாள் அத்தை.

துறைத் தலைவர் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஓராண்டு படிக்கலாம். ஆண்டு முடிவில் கணக்கியல் தாளில் முதல் தடவையிலேயே தேற வேண்டும். தவறினால் மறுபேச்சில்லாமல் வரலாற்றுத் துறைக்குப் போய்விட வேண்டும்.

“சரி சார். பாஸ் ஆயிட்டா அதுக்கப்புறம் யாரும் வரலாறுன்னு வாயைத் திறக்கக் கூடாது,” என்றாள் அவள்.

இந்தத் தடவை அத்தை இரண்டு கிள்ளாகக் கிள்ளினாள்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. துணி வெட்டும் பெரிய மேசையின் நடுவே அத்தை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினாள். கயிற்றுக்கு இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நூற்கண்டு என்றால் சொத்து, பொத்தான் என்றால் கடன், கொக்கி என்றால் செலவு, ஊக்கு என்றால் வருமானம். சொத்தும் செலவும் பற்றில் சேரும், கடனும் வருமானமும் வரவில் சேரும். அவள் அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, இரு பக்கத்தையும் விரலால் தடவித் தடவி மனத்தில் ஏற்றிக்கொண்டாள். சில மாதங்களில் மேசையே தேவைப்படவில்லை. ஒரு கடையின் முழுக் கணக்கும் தலைக்குள் விரிந்துகொண்டது. எந்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வாள்.

பாடப் புத்தகத்தை வாசிப்பது அத்தையின் வேலை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, கால் மிதியை விடாமல் வாசிப்பாள். கூட்டு வியாபாரக் கணக்கு வந்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது.

“மூணு பேரும் நல்லாத்தானே இருந்தானுங்க? இப்ப எதுக்கு ஒருத்தன் விலகிப் போறான்? வீட்டுக்காரி ஏதாவது சொன்னாளா?”

“அத்தை, புத்தகத்துல காரணம் போட மாட்டாங்க. பங்கைப் பிரிச்சா போதும்.”

“காரணம் தெரியாம எப்படிடி பிரிக்கிறது? பழியை எவன் மேல போடறது?”

இப்படித் திட்டித் திட்டியே அத்தைக்கும் பாதிப் பாடம் காதில் ஏறிவிட்டது. அதை இருவருமே பெரிதாக நினைக்கவில்லை.

தேர்வு நெருங்கியது. பார்வை இல்லாதவர் சொல்லச் சொல்ல எழுத இன்னொருவர் வர வேண்டும். அவர் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்த இலக்கிய மாணவிக்கு அதே நேரத்தில் வேறு தேர்வு வந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற அத்தைதான் மிச்சம். படிவத்தில் ‘இப்பாடத்தைக் கற்றதுண்டா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “நான் எங்க படிச்சேன்? அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான்.” அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை.

தனி அறை. மேற்பார்வைக்கு இயற்பியல் ஆசிரியர் ஒருவர். முதல் கணக்கு, ஒரு கடையின் கணக்கு இருப்புகளைப் பற்று, வரவு என்று பிரித்து இரு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்ப்பது. அவள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். வேகத்தில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையிலேயே சறுக்கினாள்.

“கொடுத்த கமிஷன், பற்று. வாங்கின கமிஷன் ஆயிரத்து இருநூறு, பற்று.”

பேனா நின்றது. அத்தை இருமினாள்.

வீட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான். விருந்தினர் முன்னால் அவள் ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிட்டால் அத்தை இப்படித்தான் இருமுவாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கோ தப்பு. ஆனால் அதை அத்தை சொல்லித் தெரிந்துகொள்வதா?

“தொண்டை சரியில்லன்னா தண்ணி குடிங்க அத்தை. நான் சொன்னதை மட்டும் எழுதுங்க.”

“எழுதறேன்டி,” என்றாள் அத்தை.

கூட்டிப் பார்த்தபோது பற்றுப் பக்கம் அதிகமாக நின்றது. அவள் மேற்பார்வையாளர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அவருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

“வித்தியாசம் இரண்டாயிரத்து நானூறு. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்தா வித்தியாசம் இரட்டிப்பா வரும். பாதி ஆயிரத்து இருநூறு. அது வாங்கின கமிஷன். வருமானம், வரவுப் பக்கம் போகணும். பற்றுல அடிச்சுட்டு வரவுல எழுதுங்க அத்தை.”

கணக்கு நேராயிற்று. ஆனால் இயற்பியல் ஆசிரியர் இருமலைக் கேட்டிருந்தார். எழுதியவர் சைகை காட்டினார் என்று அன்றே அறிக்கை கொடுத்துவிட்டார். விடைத்தாள் நிறுத்தி வைக்கப்பட்டது.

துறைத் தலைவர் மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உன் மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா அறிக்கை வந்துடுச்சே. இதைப் பெரிசு பண்ண வேண்டாம். பேசாம வரலாற்றுக்கு மாறிக்கோ, நான் சொல்லி இடம் வாங்கித் தரேன்.”

அத்தை அழ ஆரம்பித்தாள். “எல்லாம் என்னால சார். பாவி, நான்தான் இருமித் தொலைச்சேன்.”

“அழாதீங்க அத்தை. நீங்க இருமினது நிஜம். அதை நான் எடுத்துக்கலைங்கறதும் நிஜம்,” என்றாள் அவள். பிறகு துறைத் தலைவரிடம் திரும்பினாள். “சார், வேற கேள்வித்தாள் கொடுங்க. மறுபடி எழுதறேன். யாரை எழுத வைச்சாலும் உங்களுக்குச் சந்தேகம் வரும். அதனால நீங்களே எழுதுங்க.”

“நானா? பாடம் தெரிஞ்சவங்க எழுதக் கூடாதே.”

“அது நான் உங்ககிட்ட இருந்து திருடிடுவேன்னு போட்ட விதி. நான் திருடறேனான்னு பக்கத்துல உட்கார்ந்தே பாருங்க. மேற்பார்வைக்கு அதே சார் இருக்கட்டும்.”

அவர் நாற்காலியைப் பின்னே தள்ளி எழுந்தார். பிறகு தேர்வு அலுவலகத்தில் வாதாடி அனுமதி வாங்கி வந்தார். அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

மறுதேர்வு நாளில் அத்தையை அறைக்குள் விடவில்லை. வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் அவசரப்படாமல், ஒவ்வொரு தொகைக்கும் பக்கம் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாள். இலாப நட்டக் கணக்கு முடிந்தது. இயந்திரத்தின் தேய்மானத்தை அதில் செலவாகக் காட்டியாகிவிட்டது. இனிச் சொத்துப் பட்டியலில் இயந்திரத்தின் மதிப்பிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். பாதி மாணவர்கள் விழுகிற இடம் அதுதான்.

“சொத்துப் பக்கம்,” என்றாள். “இயந்திரம், ஐம்பதாயிரம்.”

மூச்சு விட நிறுத்தினாள். பேனா நிற்கவில்லை. அடுத்த வரிக்கு இறங்கி, சரசரவென்று ஓடியது.

“சார்.”

“ம்?”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே. என்ன எழுதினீங்க?”

பேனா சட்டென்று நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. “தேய்மானம்... கழிக்கணும் இல்லையா. கை தானாப் போயிடுச்சும்மா.”

“கழிக்கணும்னு எனக்கும் தெரியும் சார். அதை நான் சொல்லணும். அடிச்சுடுங்க.”

அடிக்கும் சத்தம் கேட்டது. அவள் இயற்பியல் ஆசிரியர் இருந்த மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“மேற்பார்வை சார், அன்னிக்கு இருமலை எழுதினீங்க. இதையும் எழுதுவீங்களா?”

அவர் வாய் திறப்பதற்குள் துறைத் தலைவர் முந்திக்கொண்டார்.

“எழுதுங்க சார். எழுதினவர் மாணவியை முந்திப் போனார், மாணவி தடுத்தாள்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க.” பிறகு தாளை நேராக்கிக்கொண்டார். “சொல்லும்மா.”

“இயந்திரம், ஐம்பதாயிரம்,” என்று அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். “கழிக்கவும், தேய்மானம், ஐயாயிரம். மீதி நாற்பத்தையாயிரத்தை ஓரத்துத் தொகைப் பத்தியில எழுதுங்க. எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“வாசிங்க.”

அவர் வாசித்தார். கதவுக்கு வெளியே அத்தை இருமினாள். உள்ளே யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் அடுத்த சொத்துக்குப் போனாள்.